எழுத்தைப் பிரிக்க ஒரு சி மாட்யூல்: மூன்று முறை எழுதிய கையேடு

நேற்று மாலை ஒரு வழியாக முடிந்தது. சி மொழியில் எழுதிய மாட்யூலை, அதாவது ஒரு நிரல் தொகுதியை, கம்பைல் செய்து (கணினி நேரே ஓட்டும் வடிவுக்கு மாற்றி) பைதான் மொழியில் சேர்ப்பது எப்படி என்று நான் எழுதிய கையேட்டை, அதுவரை சி பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை செய்து முடித்தார். 40 நிமிடம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதே கையேட்டின் முதல் வடிவத்தைக் கொடுத்தபோது மூன்றாவது நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது வடிவம் 25 நிமிடம் தாக்குப்பிடித்தது. மாட்யூலை எழுத எனக்கு இரண்டு நாள்தான் ஆனது. கையேட்டை எழுதத்தான் ஒன்பது நாள்.

உதாரணம் சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் பொம்மையாக இருக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். இரண்டு எண்ணைக் கூட்டும் ஃபங்ஷனைத்தான் பொதுவாகக் காட்டுகிறார்கள். அதில் எதுவும் உடையாது, அதனால் எதுவும் கற்றுக்கொள்ளவும் முடியாது. என்னிடம் ஏற்கெனவே பைதானில் எழுதிய ஒன்று இருந்தது: தமிழ் உரையை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதானைக் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. நமக்கோ அது மூன்று எழுத்து. இப்படிப் பிரிக்க வேண்டிய உரை 600 எம்பி, 100 கோப்புகளாக இருந்தது. ஒரு கோப்புக்கு 0.6 வினாடி, மொத்தம் ஒரு நிமிடம். எதையாவது ஒன்றை மாற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிரிக்கும் வழி எளிதுதான். 11 உயிர்க்குறிகள், புள்ளி, ஔகாரத்தின் தனிக் கால், ஆக 13 குறிகள். குறி அல்லாத எது வந்தாலும் அங்கே புது எழுத்து தொடங்குகிறது. ‘கொ’ என்பதைச் சிலர் ககரமும் ஒரே குறியுமாகவும், சிலர் ககரமும் கொம்பும் காலுமாகவும் சேமித்து வைத்திருப்பார்கள். இந்த வழியில் இரண்டுமே ஒரே எழுத்தாகத்தான் வரும். க்ஷ-வை க், ஷ என இரண்டாக எண்ணினேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பெயரில் ஒரு அரை நாள் போனது. ஆசைப்பட்டு மாட்யூலுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தேன். பைதான் 3.5 முதல் அது முடியும், உண்மைதான். ஆனால் மாட்யூலைத் திறக்கும்போது பைதான் முதலில் தேடுகிற ஃபங்ஷனின் பெயர் ‘பைஇனிட்_’ என்பதோடு மாட்யூலின் பெயரைச் சேர்த்ததாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் என்றால் அதுவே ‘பைஇனிட்யூ_’ ஆகி, பின்னால் பியூனிகோடில் (பிறமொழி எழுத்தை ஆங்கில எழுத்தாக்கும் முறை) மாற்றிய கண்டபடியான எழுத்துகளின் கோவை ஒட்டிக்கொள்ளும். அதைக் கையேட்டில் விளக்க உட்கார்ந்து, ஒரு பக்கம் தாண்டியதும் கைவிட்டேன். ஆங்கில எழுத்திலேயே பெயரை வைத்துக்கொண்டேன். இந்தப் பெயர் பொருந்தவில்லை என்றால் கம்பைலர் வாயே திறக்காது. இம்போர்ட் செய்யும்போதுதான், இந்த மாட்யூலில் ஏற்றுமதி ஃபங்ஷன் இல்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும். சி கோப்பில் ஒரு பெயர், எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் பில்ட் கோப்பில் வேறு பெயர் என்று நானே இரண்டு முறை வைத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தவறு: பைட்டை எண்ணியது

சி பக்கத்தில் சரத்தை (ஸ்டிரிங், அதாவது எழுத்துகளின் தொடர்) வாங்க, பைதான் தருவதைச் சி-க்கு மாற்றும் பைஆர்க்_பார்ஸ்டியூப்பிளில் எஸ் என்ற எழுத்தைப் போட்டேன். எல்லாப் பாடங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. கேர் பாயின்டராக, அதாவது பைட்டுகள் தொடங்கும் நினைவக முகவரியாகக் கைக்கு வந்தது. ‘தமிழ்’ கொடுத்தேன், 15 என்று பதில் வந்தது. எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (த, இகரக் குறி என்று பைதான் எண்ணுகிற ஒவ்வொன்றுக்கும்) மூன்று பைட், ஐந்துக்கு 15. சரி, பைட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கழித்துவிடலாம் என்று ஒரு மதியம் முழுக்க அதிலேயே கிடந்தேன். கழித்தால் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த நிரலை எழுதிய எனக்கே மறுநாள் அது புரியவில்லை. கையேட்டில் போடுகிற தரத்தில் அது இல்லை.

அதனால் சரத்தை யூனிகோடு ஆப்ஜெக்டாகவே வாங்கினேன். பைதான் 3.3 முதல் ஒவ்வொரு சரமும் அதிலுள்ள மிகப் பெரிய குறியீட்டைப் பொறுத்து, குறியீட்டுக்கு 1, 2 அல்லது 4 பைட்டாக நினைவகத்தில் இருக்கும். தமிழுக்கு 2. ‘நம்முடையது எல்லாம் தமிழ்தானே’ என்று 16 பிட் (2 பைட்) பாயின்டராக நேரே மாற்றிக்கொண்டேன். இதைவிட முட்டாள்தனமான வரியை இந்த வேலையில் நான் எழுதவில்லை. ஆனால் 99 கோப்புகளுக்கு அது சரியாக ஓடியது. நூறாவதில் ஒரு இமோஜி இருந்தது.

ஒரே ஒரு இமோஜி போதும், அந்தச் சரம் முழுக்கக் குறியீட்டுக்கு 4 பைட் ஆகிவிடும். ‘தமிழ்’ என்று எழுதிப் பின்னால் ஒரு சிரிப்பு முகம் வைத்துப் பார்த்தேன். சரியான விடை 4. எனக்கு வந்தது 5. தாளில் எழுதிப் பார்த்தபோது விளங்கியது. ஆறு குறியீடுகளைப் படிப்பதாக நினைத்து என் நிரல் த, 0, ம, 0, இகரக் குறி, 0 என்று சரத்தின் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறது. சுழியம் எங்கள் குறிப் பட்டியலில் இல்லை அல்லவா, அதனால் ஒவ்வொரு சுழியமும் ஒரு எழுத்து. த, ம, மூன்று சுழியம், ஆக ஐந்து. தவறு பெரிதாக இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். நான்குக்குப் பதில் ஐந்து வந்தால் யார் கண்ணில் படும்? வெறும் ஆங்கிலம் உள்ள சரத்துக்கு நிலைமை இன்னும் மோசம். அது குறியீட்டுக்கு ஒரு பைட், என் நிரல் சரத்தின் எல்லையைத் தாண்டி யாருடைய நினைவகத்தையோ படித்துக்கொண்டிருக்கும்.

திருத்தம் மூன்றே சொல்: கைண்ட், டேட்டா, ரீட். பையூனிகோட்_கைண்ட் எத்தனை பைட் என்று சொல்லும், பையூனிகோட்_டேட்டா தொடக்கத்தைத் தரும், பையூனிகோட்_ரீட் இரண்டையும் வாங்கிக்கொண்டு சரியான குறியீட்டைக் கொடுக்கும். இந்தத் தவறைக் கையேட்டில் அப்படியே வைத்திருக்கிறேன், அந்தச் சிரிப்பு முகத்தோடு.

மாட்யூலில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று பைதானுக்குச் சொல்லும் அட்டவணையை நான்கு சுழியங்கள் கொண்ட ஒரு வரியால் மூட வேண்டும். மறந்தால் பைதான் அட்டவணை இன்னும் முடியவில்லை என்று நினைத்துத் தொடர்ந்து படித்துக்கொண்டே போகும். என் கணினியில் ஓடியது, டாக்கரில் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு சூழல்) விழுந்தது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கசிவு

எண்ணுவது சரியான பிறகு, எழுத்துகளைப் பட்டியலாகத் தரும் ஃபங்ஷனை எழுதினேன். ஒவ்வொரு எழுத்தையும் பையூனிகோட்_சப்ஸ்ட்ரிங் கொண்டு வெட்டி, பைலிஸ்ட்_அப்பெண்டில் சேர்ப்பது. இரண்டையும் ஒரே வரியில், ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. விடையும் சரி. மகிழ்ச்சியாக ஒரு 6 எம்பி கோப்பை 50 முறை சுற்றில் ஓடவிட்டு நேரம் அளக்கப் போனேன். 40ஆவது சுற்றைத் தாண்டியபோது விசிறி கத்த ஆரம்பித்தது. நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் 3.4 ஜிபி.

ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைதான் எண்ணி வைக்கும், சுழியமானால் அழித்துவிடும். அப்பெண்ட், கொடுத்த ஆப்ஜெக்டுக்குத் தன் பங்குக்கு ஒரு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். சப்ஸ்ட்ரிங் தரும்போதே அதில் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்று என்னுடையது, நான்தான் பை_டெக்ரெஃப் செய்து, அதாவது ஒன்றைக் கழித்து, விட வேண்டும். நான் விடவே இல்லை. பட்டியல் அழியும்போது தன் பங்கைக் கழித்துக்கொள்ளும், என் பங்கு அப்படியே நிற்கும், எழுத்து சாகாது. கணக்கும் பொருந்தியது. பைதான் 3.12 இல் ஒரு தமிழ் எழுத்துள்ள சரத்துக்கு 60 முதல் 64 பைட் வரை, ஒதுக்குவது 64. ஒரு கோப்பில் ஏறத்தாழ 13.5 லட்சம் எழுத்து. பெருக்கினால் சுற்றுக்கு 86 எம்பி. 40 சுற்றுக்கு 3.4 ஜிபி. பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தைவிடக் கணக்கு சரியாக வந்த சந்தோஷம் பெரிதாக இருந்தது.

வரியை மூன்றாக உடைத்தேன்: வெட்டி ஒரு மாறியில் வை, பட்டியலில் சேர், மாறியை விடு. கசிவு நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பிறகு வேகத்துக்காக, முதலில் எழுத்துகளை எண்ணி, அந்த அளவுக்குப் பட்டியலை முன்கூட்டியே செய்து, அப்பெண்டுக்குப் பதில் பைலிஸ்ட்_செட்ஐட்டம் போட்டேன். அதற்குக் கீழே இருந்த டெக்ரெஃப் வரியை எடுக்க மறந்துவிட்டேன். செட்ஐட்டம் எண்ணிக்கையைக் கூட்டாது, நம் கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகும் நான் டெக்ரெஃப் செய்தால் எழுத்து அந்த நொடியே செத்துவிடும், பட்டியலில் அதன் முகவரி மட்டும் மிஞ்சும்.

இந்தப் பிழை ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு முறை ‘தமிழ்’ கொடுத்தால் மூன்று இடத்திலும் ‘ழ்’ என்று வந்தது. செத்த எழுத்தின் இடத்தையே அடுத்த எழுத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது பைதான், அதனால் மூன்று முகவரியும் ஒன்றே. இன்னொரு முறை எல்லாம் சரியாக வந்து, நிரல் முடிந்து வெளியேறும்போது செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுவது. அடுத்த முறை சம்பந்தமே இல்லாத ஜேசன் கோப்பைத் திறக்கிற வரியில் விழுந்தது. அந்த ஜேசன் நிரலை ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டேன், பாவம். பைதானை -எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர் என்று சேர்த்து ஓட்டினால் விழும்போது எந்தப் பைதான் வரியில் இருந்தது என்று காட்டும். அது விழுந்த இடம்தான், சுட்ட இடம் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரி வந்ததைப் பார்த்துத்தான் பிழை என் மாட்யூலில் இருக்கிறது என்று புரிந்தது.

அதிகாரபூர்வ ஆவணங்களில் கடன் வாங்கியது, திருடுவது என்றெல்லாம் சொற்கள் உண்டு. கையேட்டின் முதல் வடிவத்தில் அவற்றையே தமிழில் விளக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது ஃபங்ஷனின் பெயருக்குப் பக்கத்தில் ‘பிறகு நான் டெக்ரெஃப் செய்ய வேண்டுமா’ என்று அட்டவணையில் ஒரே நெடுவரிசை. அப்பெண்டுக்கு ஆம், செட்ஐட்டத்துக்கு இல்லை. சப்ஸ்ட்ரிங்குக்கு ஆம், வேறு யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் தின்றது. திருத்தித் திருத்திக் கம்பைல் செய்வேன், பக்கத்து டெர்மினலில் திறந்தே இருக்கும் பைதானில் மறுபடி இம்போர்ட் செய்வேன், பழைய விடையே வரும். கம்பைல் செய்த மாட்யூலை ஓடிக்கொண்டிருக்கும் பைதான் மறுபடி ஏற்றாது, ரீலோட் சொன்னாலும் பழையதுதான். மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

காலிக் கணினியில்

மாட்யூல் நன்றாக ஓடுகிறது, எழுதியதெல்லாம் கையோடு இருக்கிறது, கையேடு தயார் என்று நினைத்துக் கொடுத்தேன். மூன்றாவது நிமிடம்:

“அண்ணா, பைதான்.ஹெச் இல்லைன்னு சொல்லுதே, அது எந்தக் கோப்பு? நீங்க அனுப்பலையே?”

அது நான் அனுப்புகிற கோப்பு அல்ல, சி நிரலைப் பைதானோடு கம்பைல் செய்யத் தேவையான பைதானின் ஹெடர் கோப்பு. உபுண்டுவில் பைதான்3-டெவ் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவினால்தான் வரும். அதை நான் என் கணினியில் எப்போதோ வேறு எதற்கோ நிறுவியிருக்கிறேன், எப்போது என்று எனக்கே தெரியாது. செய்ததாக நினைவில்லாத ஒன்றைக் கையேட்டில் எப்படி எழுதியிருப்பேன்? நிறுவச் சொன்னேன். அடுத்தது டிஸ்ட்யூட்டில்ஸ் (மாட்யூலைக் கம்பைல் செய்யப் பைதானோடு வந்த பழைய கருவி) இல்லை என்றது.

இதில் என் மானம் கொஞ்சம் போனது. பழைய பழக்கத்தில் செட்டப்.பிஒய் கோப்பில் டிஸ்ட்யூட்டில்ஸை இம்போர்ட் செய்திருந்தேன். பைதான் 3.12 இல் அதைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் எப்படி ஓடியது? என் கணினியில் அதே வேலைக்கான செட்டப்டூல்ஸ் என்ற தனிக் கருவி இருந்தது, அது தன்னிடம் உள்ள ஒரு டிஸ்ட்யூட்டில்ஸைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவருடையது புதிதாகச் செய்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைதான் சூழல். 3.12 முதல் அதில் செட்டப்டூல்ஸும் தானாக வராது. ஆக எனக்கு இருந்த ஊன்றுகோல் எதுவும் அவருக்கு இல்லை.

அன்று இரவே உபுண்டு 24.04 டாக்கர் இமேஜ் ஒன்றை வெறுமையாக எடுத்து, ஸ்கிரிப்ட் கட்டளையை ஓடவிட்டு, நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்தபடி என் கையேட்டை நானே பின்பற்றினேன். சி கம்பைலரான ஜிசிசி இல்லை. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் செய்யவே தனித் தொகுப்பு வேண்டும். பில்ட்-எசென்ஷியல், பைதான்3-டெவ், பைதான்3-வென்வ், இந்த மூன்றும் இல்லாமல் கையேட்டின் முதல் கட்டளையே ஓடாது. செட்டப்.பிஒய்-யை நேராக ஓட்டுவதை விட்டுவிட்டு, பைப்ராஜெக்ட்.டாம்ல் கோப்பில் பில்டுக்குச் செட்டப்டூல்ஸ் தேவை என்று எழுதி, பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் இன்ஸ்டால் என்று ஒரு கட்டளையில் முடித்தேன். பிப் தனி இடத்தில் செட்டப்டூல்ஸை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது வடிவம் 25 நிமிடத்தில் நின்றது அந்தப் பெயர்ப் பொருத்தம் பிரச்சினையால். அதைப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருந்தேன், நடுவே கொண்டுவந்தேன்.

நேரம்

அந்த 6 எம்பி கோப்புக்கு என் பழைய பைதான் ஃபங்ஷன் 0.6 வினாடி. சி-யில் பட்டியலாகப் பிரிக்க 0.07. ஒன்பது மடங்கு கூட இல்லை. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று இருந்தது. பட்டியல் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் சி-யிலேயே முடித்துத் திருப்பினால் 4 மில்லிவினாடி. ஆக நேரமெல்லாம் போனது 13.5 லட்சம் குட்டி ஆப்ஜெக்டுகளைப் பெற்றுப் போடுவதில்தான், பிரிப்பதில் அல்ல. சொல்லுக்கு ஒரு முறை சி ஃபங்ஷனைக் கூப்பிட்டபோதும் இதே கதை, கூப்பிடுகிற செலவிலேயே பாதி லாபம் கரைந்தது. உரையை மொத்தமாகக் கொடுத்து, விடையைச் சின்னதாக வாங்குவதுதான் கட்டுப்படியாகிறது.

அப்புறம் சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒன்று. கையேட்டைச் சோதித்தவரே கேட்டார், மொத்த நீளத்திலிருந்து 13 குறிகளும் எத்தனை முறை வருகின்றன என்பதைக் கவுண்ட் போட்டுக் கழித்தால் போதாதா என்று. போட்டுப் பார்த்தோம். ஒரே வரிப் பைதான், 0.03 வினாடி. பட்டியலாக வேண்டுமென்றாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் விதி) 0.2 வினாடியில் வந்துவிடுகிறது. என் நூறு கோப்புகளுக்கு அதுவே தாராளம். இப்போது கையேட்டின் முதல் பக்கம் சி பற்றியதே அல்ல. இந்த இரண்டு வரிகளையும் போட்டு அளந்து பார், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பு என்றுதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த முறை முதல் நாளே காலி டாக்கரில் ஸ்கிரிப்ட் கட்டளையோடுதான் உட்காருவேன். பெயரைப் பற்றி அரை நாள் யோசிக்க மாட்டேன். இமோஜி கலந்த சரம், வெறும் ஆங்கிலச் சரம், காலிச் சரம், இந்த மூன்றையும் சோதனையில் முதலிலேயே போடுவேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்று காலை அவர் 3.13-க்கு மாறினார், மாட்யூல் காணவில்லை என்றது. கோப்பின் பெயரிலேயே சிபைதான்-312 என்று இருப்பதால் அடுத்த பதிப்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பதிப்பு மாறினாலும் மாறாத ஃபங்ஷன்கள் மட்டும் உள்ள லிமிட்டெட் ஏபிஐ-க்கு மாற்றினால் ஒரே கோப்பு பல பதிப்புகளுக்கும் ஓடும். ஆனால் அதில் பையூனிகோட்_ரீட் கிடையாது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பையூனிகோட்_ரீட்கேர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். மாற்றி அளந்தேன், 4 மில்லிவினாடி 11 ஆனது. அதையே வைத்துக்கொள்ளப் போகிறேன். நான்காவது வடிவத்தை நாளை எழுத வேண்டும்.